கறுப்பாய் வந்த முதல் கிளாஸ்

“இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள உவனை வேலையால நிப்பாட்டேல்லையெண்டால் என்ர பேர் பேரின்பநாதன் இல்லை!”

“கியூபெக்கில பேர் மாத்திறது சரியான மினக்கேடு ஐயா. வேற ஏதும் சத்தியம் பண்ணுங்கோவன்,” என்றேன்.

பேரின்பநாதன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் தொடங்கிய சிவப்பு, மறிக்க ஒரு முடிகூட இல்லாததால், நேரே உச்சந்தலைவரை ஏறியிருந்தது.

“ஆர் உந்தக் குரங்கு?”

“என்ர உதவியாள், றெனோல்ட்,” என்றார் ஜென்சி அக்கா. “வாயைத் தவிர மிச்சமெல்லாம் பிரயோசனமான பொடியன்.”

நாங்கள் நின்றது லாசாலில், குணரத்தினம் அண்ணையின் யார்ட்டில். மோட்டர்ஹோம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். சமையலறை, கட்டில், கக்கூசு எல்லாவற்றையும் ஒரு பஸ்ஸுக்குள் அடக்கிய வாகனங்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றில்தான் பேரின்பநாதன் குடும்பம் போன வாரம் காஸ்பே பக்கம் சுற்றப் போனது. போன நாலு பேருக்கும் சத்தியும் வயிற்றோட்டமும். கடைசி மகள் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் கிடந்தாள். குடித்த தண்ணீர்தான் காரணம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வாகனங்களின் தண்ணீர் வேலை முழுக்கப் பிருந்தனுடையது. தொட்டி கழுவுவதும் அவன்தான், குடிதண்ணீர் பில்டர் மாற்றுவதும் அவன்தான். பிருந்தன் என் அறைத்தோழன். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே பிரிட்ஜ். அவனுடைய வேலை பெர்மிட் இந்த யார்ட்டின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. இந்த வேலை போனால் ஊருக்குப் பிளேன் ஏற வேண்டியதுதான். அதனால்தான் விடிந்ததும் ஜென்சி அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கேஸ் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். தேத்தண்ணி குடிக்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“குணரத்தினம் அண்ணை,” என்றார் அக்கா, “உவன் பில்டரை மாத்தேல்லையெண்டு உங்களுக்கு என்ன நிச்சயம்?”

“நிச்சயமோ? உள்ளுக்க வாங்கோ காட்டுறன்.”

சிங்குக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்தார். நீலப் பிளாஸ்ரிக் கூடு ஒன்று தொங்கியது. அதைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த உருளையை விரல் நுனியால் தூக்கிக் காட்டினார். மண் நிறம், வழவழப்பு. மீன்கடையின் பின்பக்க வாசம்.

“நேற்று வண்டி திரும்பி வந்தோடன, இவையளுக்கு முன்னாலதான் திறந்தனான். இதுதான் கிடந்தது. இனி இதைப் பாருங்கோ.”

சீற்றுக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். பெட்டி முழுக்கப் புது பில்டரின் படம். மூடியைத் தூக்கினார். மேலே வெள்ளை வெளேரென்று ஒரு தலை தெரிந்தது.

“நானே வாங்கிக் குடுத்த புதுசு. பிளாஸ்ரிக்கை உரிச்சிருக்கிறார், பாத்திருக்கிறார், மாத்தப் பஞ்சி பிடிச்சிருக்கு, திருப்பி வைச்சிட்டுப் போயிட்டார். பழசு கூட்டுக்குள்ள, புதுசு பெட்டிக்குள்ள. இதுக்கு மேல உங்களுக்கு என்ன துப்பு வேணும்?”

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. அது எனக்கு அபூர்வம்.

“நான் மாத்தினனான் அண்ணை,” என்றான் வாசலில் நின்ற பிருந்தன். நேற்றிரவு என்னிடம் கத்திச் சொன்னவன். காலையில் பஸ்ஸில் சாதாரணமாகச் சொன்னான். இப்போது அவன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“கழட்டின பழசை என்ன செய்தனீ?” என்று கேட்டார் ஜென்சி அக்கா.

பிருந்தன் நிலத்தைப் பார்த்தான். “எறிஞ்சனான்... எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறாராம்!” பேரின்பநாதன் பாய்ந்தார். “என்ர பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு துடிச்சவள், இவர் ஆறுதலா நினைக்கிறாராம்! குணரத்தினம், உவனை நிப்பாட்டிற கடிதத்தில கையெழுத்து வையும். இல்லாட்டி உம்மையும் சேத்துக் கோட்டுக்கு இழுப்பன்!”

“வைக்கிறன், வைக்கிறன். கத்தாதையும்.”

எல்லோரும் ஒஃபிசுக்கு நடந்தோம். ஒஃபிஸ் என்றால் ஒரு பழைய கொண்டெய்னர், ஒரு மேசை, ஒரு ஹீற்றர். வழியில் பேரின்பநாதனின் கார் நின்றது. அதில் சாய்ந்தபடி அவருடைய மனைவி சிவநேசம், கையைக் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் நின்றார். தடித்த பின்னல் தோளுக்கு முன்னால் கிடந்தது.

“அன்ரி வரேல்லையோ?” என்றேன்.

“அவ வந்து என்ன கிழிக்கப்போறா?” என்றார் பேரின்பநாதன்.

மேசையில் கடிதம் தயாராக இருந்தது. அதற்குப் பக்கத்தில் டென்மார்க் பிஸ்கற் தகரப் பேணி ஒன்று. நான் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. மெல்லப் பேணியைத் திறந்தேன். உள்ளே பியூசும் ஸ்குறூவும்.

“அதில கை வையாதை!” என்று குணரத்தினம் உறுமினார்.

“பிஸ்கற் படம் போட்டிருக்கு அண்ணை.”

“படம் போட்டிருந்தால்? உன்ர கொம்மா வீட்டில பிஸ்கற் பேணிக்குள்ள பிஸ்கற்றோ கிடந்தது?”

“இல்லை. ஊசியும் நூலும்.”

“அப்ப வாயை மூடு.”

நான் பேணியை மூடினேன். ஜென்சி அக்கா அந்தப் பேணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பசியாக்கும் என்று நினைத்தேன்.

“பேரின்பநாதன் ஐயா,” என்றார் கடைசியில், “தண்ணி எப்பேலேருந்து பிழை?”

“முதல் நாளே! மனுசி குணரத்தினத்துக்கு வொய்ஸ் மெசேஜே அனுப்பினவ. கேளுங்கோ, நீங்களே கேளுங்கோ!” போனை எடுத்து மேசையில் அடித்தார். சிவநேசத்தின் குரல் வந்தது: ‘அண்ணை, குழாயைத் திறக்கத் தண்ணி கறுப்பா வருது. கரி கரைச்ச மாதிரி. என்ன செய்யிறது எண்டு கெதியாச் சொல்லுங்கோ.’

“கறுப்புத் தண்ணி!” என்றார் பேரின்பநாதன். “குடிக்கக் குடுத்தது கறுப்புத் தண்ணி!”

“அதுக்கு அண்ணை என்ன பதில் போட்டவர்?”

குணரத்தினம் பேனையைத் தேடினார். “நான் அண்டைக்கு ஒரு கலியாண வீட்டில. ஒரே மேளச்சத்தம். வடிவாக் கேக்கேல்லை. ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டனான்.”

“கறுப்புத் தண்ணி எண்டதுக்கு, நல்லது, தொடர்ந்து செய்யுங்கோ எண்டு சொல்லியிருக்கிறார்,” என்றேன்.

“எடேய்!”

“பிறகு?” என்றார் அக்கா.

“பிறகு தெளிஞ்சிட்டுது,” என்றார் பேரின்பநாதன். “நான் ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்ப, தண்ணி கண்ணாடி மாதிரி. ஆனா ரெண்டு நாளில எல்லாரும் விழுந்திட்டம். நஞ்சு நஞ்சுதான், நிறம் மாறினால் என்ன?”

“பத்து நிமிசம் பொறுங்கோ அண்ணை. பேனையை மூடி வையுங்கோ. றெனோல்ட், வா. பிருந்தன், நீயும்.”

மோட்டர்ஹோமுக்குள் திரும்பி ஏறியதும் அக்கா அந்த நீலக் கூட்டின் விளிம்பில் இருந்த றப்பர் வளையத்தைக் கழற்றினார். செப்ரெம்பர் காலைக் குளிரில் அதன்மேல் ஏதோ வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. வெளிர்ப் பச்சை.

“பிருந்தன், நீ வளையத்துக்கு என்ன பூசுறனீ?”

அவன் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தான். “சிலிக்கோன் அக்கா. நிறமுமில்லை, மணமுமில்லை.”

“றெனோல்ட், இதை மண.”

மணந்தேன். ஒரு கணம் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகுமுன் அம்மா என் தலையைப் பிடித்து அமத்துகிற மாதிரி இருந்தது.

“அக்கா, இது தலைக்கு வைக்கிற எண்ணெய். தேங்காயெண்ணெயில கையாந்தகரை இலை போட்டுக் காய்ச்சினது. ஒரிஜினல்.”

“உன்ர தலையைக் காட்டு,” என்றார் பிருந்தனிடம். அவன் தலையில் ஜெல் முள்முள்ளாக நின்றது.

“அப்ப பேரின்பநாதன்!” என்று துள்ளினேன்.

“அவருக்கு எண்ணெய் பூச என்ன கிடக்கு, புருவமோ?”

அக்கா பெட்டியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். காரடியில் ஒரு நிமிடம் நின்று, சிவநேசத்திடம் ஏதோ கேட்டார். “காஸ்பே எப்பிடி, குளிரோ?” என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. சிவநேசம் தலையை ஆட்டினார். அக்கா ஒரு மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு நடந்தார். நானும் அதே இடத்தில் ஒரு மூச்சு இழுத்தேன். கையாந்தகரை.

ஒஃபிசுக்குள் குணரத்தினம் பேனையோடு காத்திருந்தார்.

“அக்கா,” என்றேன் காதுக்குள், “கெதியாச் சொல்லுங்கோ. மனுசன் பேனை மூடியைக் கழட்டிப்போட்டான்.”

ஜென்சி அக்கா பெட்டிக்குள் கையை விட்டு, அந்த வெள்ளைப் பில்டரை வெளியே எடுத்து, கையெழுத்துக்குக் காத்திருந்த கடிதத்தின் நடுவில் நிமிர்த்தி வைத்தார்.

“என்ன செய்யிறீங்கள்? அது கடிதம்!” என்றார் குணரத்தினம்.

“தெரியும். கொஞ்சம் பொறுங்கோ.”

ஹீற்றர் முனகியது. பேரின்பநாதன் மூச்சு வாங்கினார். அக்கா பில்டரைத் தூக்கினார். கடிதத்தில் வட்டமாக ஒரு கறுப்பு ஈரம் பதிந்திருந்தது.

“பெட்டியால எடுத்துப் பாவிக்காத பில்டர் ஈரமா இருக்குமோ அண்ணை?”

குணரத்தினம் பில்டரை வாங்கிப் பார்த்தார். கையால் நிறை பார்த்தார். முகம் மாறியது. “இது... தண்ணி குடிச்சிருக்கு.”

“ஓம். நீங்கள் மேலால எட்டிப்பாத்து மூடினீங்கள். வெளியில எடுத்துப் பாக்கேல்லை. இந்தப் புதுசு ஒருக்கா கூட்டுக்குள்ள ஏறி இறங்கியிருக்கு.”

“பொய்!” என்றார் பேரின்பநாதன். “உவன்தான் தண்ணியில தோச்சுப்போட்டு வைச்சிருக்கிறான்!”

“அப்பிடியெண்டால் உங்கட கறுப்புத் தண்ணி எங்கேருந்து வந்தது? உதுக்குள்ள இருக்கிறது கரி. புதுசா ஒண்டைப் போட்டால் முதல் வாற தண்ணி கரித்தூளோட கறுப்பாத்தான் வரும். குழாயைக் கொஞ்சநேரம் திறந்துவிட்டால் சரி. பழைய பில்டரில இருந்து அப்பிடி வராது. அதின்ர தூள் எப்பவோ கழுவுப்பட்டிருக்கும். நீங்கள் மேசையில அடிச்சுப் போட்டுக் காட்டினீங்களே ஒரு முறைப்பாடு, பிருந்தன் புது பில்டர் போட்டானெண்டதுக்கு அதைவிடச் சாட்சி வேற இல்லை.”

பேரின்பநாதன் மேசையில் கிடந்த போனை மெல்ல எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான பின்வாங்கல் அது. ஆனால் குணரத்தினம் விடவில்லை.

“சரி, புதுசு இருந்தது. அப்ப அந்த நாறல் பழசு எங்கேருந்து வந்தது? வானத்தாலயோ?”

அக்கா பிஸ்கற் பேணியை அவர் பக்கம் தள்ளினார். “இதைக் கேளுங்கோ. படம் ஒண்டு, உள்ளுக்க வேற ஒண்டு. பிருந்தன், இப்ப சொல்லு. பழசை எங்க வைச்சனீ?”

பிருந்தன் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“புதுசைப் போட்டிட்டு... பழசு ஒழுகிச்சுது அக்கா. குப்பைவாளி நிரம்பி வழிஞ்சது. வெறும் பெட்டி கிடந்தது. அதுக்குள்ள வைச்சு, பேந்து எறிவமெண்டு சீற்றுக்குக் கீழ தள்ளினனான். மறந்திட்டன். நேற்று அண்ணை கூட்டைத் திறந்து பழசை எடுத்தோடன... ரெண்டும் என்ர கையிலதானே இருந்தது, நான்தான் மாறிப் போட்டிட்டனாக்கும் எண்டு நினைச்சன். அந்தப் பிள்ளையை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதெண்டு...”

“மாறிப் போட்டிருந்தால் தண்ணி கறுத்திருக்காது,” என்றார் அக்கா. “உனக்குப் பிறகுதான் ஒருதர் அந்தக் கூட்டைத் திறந்தவர். வளையத்தில எண்ணெய் பூசி மூடியிருக்கிறார்.”

“நான் தொடேல்லை!” பேரின்பநாதன் தன் மொட்டைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். “என்ர பிள்ளையளாணை நான் தொடேல்லை!”

“நான்தான்.”

கொண்டெய்னர் வாசலில் சிவநேசம் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. பின்னலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“தண்ணி கறுப்பா வந்தது. பிள்ளையளுக்குப் பால் கரைக்கோணும். அண்ணை கட்டைவிரல் காட்டினார். இவர் குறட்டை. சீற்றுக்குக் கீழ புது பெட்டி கிடந்தது. பெட்டியில படம் போட்டிருந்த மாதிரித் திருகினன், கழட்டினன். பெட்டிக்குள்ள கிடந்ததைப் போட்டன், கறுப்புத் தண்ணி விட்டதைப் பெட்டிக்குள்ள வைச்சன். வளையம் இறுகி நிண்டது. குக்கர் வளையத்துக்குப் பூசிறமாதிரி எண்ணெய் பூசினன்.”

“அது பழசெண்டு தெரியேல்லையோ அன்ரி?” என்றேன். என் குரல் எனக்கே சூடாகக் கேட்டது.

“கொஞ்சம் பழுப்பா இருந்தது. இதின்ர நிறமே இதாக்கும் எண்டு நினைச்சன். ஈரமா இருந்தது. கிருமி மருந்து போட்டு வருமாக்கும் எண்டு நினைச்சன். என்ர பிரிட்ஜில ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள மீன்குழம்பு கிடக்கு தம்பி. என்ர வீட்டுப் பெட்டி ஒண்டையும் நம்பமாட்டன். வெள்ளைக்காரன்ர பெட்டியெண்டோடன நம்பிட்டன்.”

“ஏனடி எனக்குச் சொல்லேல்லை?” பேரின்பநாதன் எகிறினார்.

“சொல்ல விட்டனீங்களோ?” சிவநேசம் ஓர் அடி முன்னால் வந்தார். அவ்வளவு நேரமும் காரில் சாய்ந்திருந்த மனுசி இல்லை இது. “ஆஸ்பத்திரியில நேர்ஸோட கத்தினியள். பெற்றோல் ஸ்ரேசனில கத்தினியள். நேற்று அண்ணை அந்த நாறலைத் தூக்கிக் காட்டேக்கதான் எனக்கே விளங்கினது. வாய் திறந்திருந்தால் நான்தான் பிள்ளையைக் கொல்லப் பாத்தவளெண்டு லாசால் முழுக்கக் கேக்கக் கத்தியிருப்பியள்!”

“அதுக்காகப் பிருந்தன் பிளேன் ஏறிறதோ?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “காரடியில நிண்டு அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். உங்கட அக்கா வந்து என்ர தலையை மணந்திட்டுப் போனா. அதோட யோசிச்சு முடிஞ்சுது.”

குணரத்தினம் தொண்டையைச் செருமினார். பேனை இன்னும் கையில்தான்.

“எண்டாலும் பழசைப் பெட்டிக்குள்ள வைச்சது இவன்தானே. பிழை பிழைதான். நான் நிப்பாட்டத்தான் வேணும். ஊர்ச்சனம் என்ன சொல்லும்?”

பிருந்தன் கண்ணை மூடினான். எனக்கு அந்தப் பேணியைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது.

“நிப்பாட்டுங்கோ,” என்றார் ஜென்சி அக்கா, மிக மெதுவாக. “பிறகு அவன் முறைப்பாடு குடுப்பான், விசாரணை வரும். நான் அந்த மெசேஜைப் போட்டுக் காட்டுவன். தண்ணி கறுப்பா வருது, என்ன செய்யிறதெண்டு கெதியாச் சொல்லுங்கோ எண்டு ஒரு தாய் கேக்கிறா. கொஞ்சநேரம் ஓடவிடுங்கோ எண்டு ஒரு வரி போட்டிருந்தால் ஒரு கூடும் திறந்திருக்காது, ஒரு பிள்ளையும் படுத்திருக்காது. முதலாளி போட்டது கட்டைவிரல். அதுக்குக் கீழ உங்கட பேர் இருக்கு.”

பேரின்பநாதன் மெல்ல, மிக மெல்ல, குணரத்தினத்தின் பக்கம் திரும்பினார். சிவப்பு மறுபடி உச்சிக்கு ஏறத் தொடங்கியது.

“கட்டைவிரல்?” என்றார்.

குணரத்தினம் அவசரமாகப் பேனையை மூடினார். கறுப்பு வட்டம் பதிந்த கடிதத்தை எடுத்து, ஒருமுறை கிழித்தார். இன்னொருமுறை கிழித்தார். துண்டுகளை எறிந்தாரா? இல்லை. பிஸ்கற் பேணியைத் திறந்து பியூசுகளுக்கு மேல் போட்டு மூடினார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வா,” என்று பிருந்தனைப் பார்த்துக் குரைத்தார். “வந்தோடன குப்பைவாளியை வெறுமையாக்கு.”

நாங்கள் யார்ட்டை விட்டு வெளியே வரும்போது பின்னால் பேரின்பநாதனின் சத்தம் கேட்டது. சிவநேசத்தின் சத்தமும் கேட்டது, அவரைவிட உயரமாக. பிழை யாருடையது என்ற எங்கள் சண்டை பஸ்ஸில் ஏறியும் முடியவில்லை. குழாயை ஓடவிடாமல் வண்டியைக் குடுத்தது என்ர பிழைதான் என்றான் பிருந்தன். எல்லாத்துக்கும் பெட்டிதான் வேர் என்றார் ஜென்சி அக்கா. கட்டைவிரல், கட்டைவிரல் என்று நான் கத்த, டிரைவரே திரும்பிப் பார்த்தார். அறைக்கு வந்த சூட்டோடு பிரிட்ஜைத் திறந்தேன். மேல்தட்டில் ஒரு வனிலா ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. மூடியில் கை வைத்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

பெட்டியை நிரப்பினவனா, பெட்டியை நம்பினவரா, கட்டைவிரலோடு கலியாணச் சாப்பாட்டுக்குப் போனவரா? அந்தப் பிள்ளையின் வயிற்றுவலிக்கு நீங்கள் யாரைப் பிடிப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? அதைவிட அவசரமாக, இந்த மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?